பேசாத புன்னையும் வாயாடும் ஆறும்

கேள்வி: ஓவியக் கண்காட்சிக்குப் போனால் 'அனிமிசம்' என்கிறார்கள். நாவலைத் திறந்தால் மரம் பேசுகிறது. கல்லுக்கும் ஆற்றுக்கும் திடீரென்று உயிர் வந்துவிட்டது. பாட்டி வேப்பமரத்துக்கு மஞ்சள் பூசினால் மூடநம்பிக்கை, அதையே ஓர் ஓவியர் காட்சிக்கூடத்தில் செய்தால் ஆன்மிகக் கலையா? என் நண்பர் ஒருவர், ஆறு தன் கதையைத் தானே சொல்வதுபோல் நாவல் எழுதியிருக்கிறார். இதெல்லாம் உண்மையான தேடலா, சீசன் சரக்கா?

பதில்: பெரும்பகுதி சீசன் சரக்குதான். ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்தால் அல்ல.

முதலில் பாட்டியை விடுவித்துவிடுவோம். மரத்துக்கு ஆன்மா உண்டா என்று அவர் ஒருநாளும் விவாதித்ததில்லை. மஞ்சள் பூசினார், கிளையை ஒடிக்காதே என்றார், செருப்போடு பக்கத்தில் போனால் அதட்டினார். அவர் தலையில் 'நம்பிக்கை' என்ற மூட்டையை ஏற்றியவர் எட்வர்ட் டைலர் என்ற ஆங்கிலேய மானுடவியலாளர். ஆவிகளும் ஆன்மாக்களும் உண்டு என்று நம்புவதுதான் மதத்தின் அடிப்படை என்று 1871-ல் எழுதி, அதற்கு அனிமிசம் என்று பெயர் சூட்டினார். அனிமா என்றால் லத்தீனில் உயிர், மூச்சு. அவர் போட்ட ஏணியில் 'நாகரிகமற்றவர்கள்' அடிப்படியிலும் டைலர் உச்சிப்படியிலும் நின்றார்கள். இன்றைய காட்சிக்கூடங்கள் அந்த ஏணியைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கின்றன. அன்று அறியாமை, இன்று ஆதி ஞானம். 'கல்லுக்கு உயிர் இருப்பதாக இவர்கள் நம்புகிறார்களா?' என்ற பழைய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தக் கேள்வியே கோணல் என்பது என் கட்சி.

1930-களில் கனடாவின் பெரன்ஸ் ஆற்றுப் பகுதியில் ஒஜிப்வே மக்களிடையே ஆய்வு செய்தவர் இர்விங் ஹாலோவெல். ஒஜிப்வே மொழியின் பெயர்ச்சொற்களில் உயிருள்ளவை, உயிரற்றவை என்று இரண்டு வகுப்பு. நம் உயர்திணை, அஃறிணைபோல ஒரு பிரிவினை. கோடு மட்டும் வேறு இடத்தில் ஓடுகிறது. அதில் கல் உயிருள்ள பக்கம். ஹாலோவெல் ஒரு முதியவரிடம், 'சுற்றிலும் கிடக்கிற இந்தக் கற்களெல்லாம் உயிருள்ளவையா?' என்று கேட்டார். முதியவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, 'இல்லை. ஆனால் சில உண்டு' என்றார்.

அந்த 'சில' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எல்லாக் கல்லும் உயிர் என்பது தத்துவம், சொல்வதற்குச் செலவில்லை. இந்தக் கல் என்றால் அதோடு ஏதோ நடந்திருக்கிறது, இனியும் அதற்கு ஏதோ செய்தாக வேண்டியிருக்கிறது. நீலகிரிச் சரிவில் வாழும் நாயக்கா என்ற பழங்குடியினரைப் பற்றி 1999-ல் மானுடவியலாளர் நூரித் பேர்ட்-டேவிட் எழுதிய கட்டுரையிலும் இதே செய்திதான். கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த பெண்ணை நோக்கி ஒரு கல் 'வந்தது'. அவர் அதைக் குடியிருப்புக்கு எடுத்துவந்து மண்மேடையில் வைத்தார். காட்டில் அதேபோல் கிடக்கும் மற்றக் கற்கள் வெறும் கற்கள்தான்.

இதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமானால், அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைக்கும் நம் புரவி எடுப்பைப் பாருங்கள். ஊர்க்காரர்கள் குயவரான வேளாரிடம் பிடிமண் கொடுக்கிறார்கள். ஒரு பிடி மண்தான். அதைக் கையில் வாங்கிய கணத்தில் அவர் கட்டுப்பட்டவர் ஆகிவிடுகிறார். பிறகு களிமண்ணோடு மணலும் உமியோ வைக்கோல் துணுக்கோ சேர்த்து மிதிக்க வேண்டும். உமி சூளையில் எரிந்துபோய் நுண்துளைகளை விட்டுச் செல்லும். ஆவி வெளியேற வழி கிடைக்கும். நான்கு கால்களும் உள்ளீடற்ற குழாய்கள். அவற்றின் மேல் வயிற்றை அடுக்கடுக்காக ஏற்றுகிறார்கள். கீழ் அடுக்கு இறுகும் முன் மேல் அடுக்கை வைத்தால் கால் பிதுங்கும். அதிகம் காயவிட்டால் புதுமண் ஒட்டாது; அந்த நேரம் ஒட்டியதுபோல் நடிக்கும், சூளையில் சரியாக அந்த இணைப்பில் வாய் பிளக்கும். சுவர் ஓரிடத்தில் தடித்துப்போனால் உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி வெடிக்கும். வெந்து, வெள்ளையடித்து, வண்ணம் தீட்டி, கடைசியில்தான் கண் திறப்பு. அதன் பிறகு ஊரே கூடிச் சுமந்துபோய் அய்யனார் முன் நிறுத்துகிறது.

அடுத்து நடப்பதைக் கலை விமர்சகர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒன்றுமே நடப்பதில்லை. மழை பெய்கிறது, வண்ணம் போகிறது, காது உடைகிறது, வயிற்றுக்குள் புல் முளைக்கிறது. யாரும் சிமென்ட் பூசி ஒட்டுவதில்லை. அடுத்த எடுப்பில் பக்கத்தில் புதுக் குதிரை வந்து நிற்கும். (இப்போது சில ஊர்களில் மண்ணுக்குப் பதில் சிமென்ட் குதிரையே நிற்கிறது. எடுப்பு ஒரே தடவையோடு முடிந்தது. அது தனிக் கவலை.)

அதே வேளார், அதே மண், அதே சூளையில் ஒரு ஓட்டல் வரவேற்பறைக்கும் குதிரை செய்து தருகிறார். அதற்குப் பிடிமண் இல்லை, கண் திறப்பு இல்லை. எந்தக் குதிரை யாருடையது என்பதில் அவருக்குக் குழப்பமே கிடையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் குழம்புகிறவர்கள் நாம்தான். காட்சிக்கூடத்துக்கு வருவதும் ஓட்டல் குதிரைதான், சுவரில் ஒட்டிய குறிப்பு 'நாட்டார் ஆன்மிகம்' என்று சொன்னாலும்.

இனி அருங்காட்சியகம். அமெரிக்காவின் ஜூனி பழங்குடி மக்கள் அஹாயூதா என்ற இரட்டைப் போர்த்தெய்வங்களை மரத்தில் செதுக்கித் திறந்தவெளியில் வைப்பார்கள். வெயிலிலும் மழையிலும் அது மக்கி மண்ணாக வேண்டும். மக்குவதுதான் அதன் வேலை. அருங்காட்சியகங்கள் அவற்றை எடுத்துப்போய் ஈரப்பதம் அளந்து, பூச்சி அண்டாமல் பாதுகாத்தன. நம் பார்வையில் அது பாதுகாப்பு, ஜூனிகள் பார்வையில் சிறை. 1978 முதல் ஒவ்வொன்றாகக் கேட்டு மீட்கத் தொடங்கினார்கள். மீண்டவற்றை, திருடர் நுழையாதபடி காவல் போட்டு, ஆனால் கூரையில்லாமல் வைத்தார்கள், மறுபடி மக்குவதற்கு. அங்கேயே இன்னொரு பழங்குடியான ஹோப்பி மக்களின் அனுபவம் இன்னும் மோசம். திரும்பக் கிடைத்த சடங்குப் பொருட்களில், பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் தடவிய ஆர்செனிக் நஞ்சு இருந்தது. முகத்தில் அணிய வேண்டியதை அணிய முடியாது. பொருள் பத்திரமாகத் திரும்பியது. அதோடு வாழும் வழி அடைபட்டுவிட்டது.

இதைப் புரிந்துகொண்ட கலைக்காரர்களும் உண்டு. அன்செல்ம் ஃபிராங்கே ஒருங்கிணைத்து 2010-ல் ஆன்ட்வெர்ப்பில் தொடங்கி 2012-ல் பெர்லினுக்கு வந்த கண்காட்சிக்கு 'அனிமிசம்' என்றே பெயர். ஆனால் உயிருள்ள பொருட்கள் இதோ என்று அது கடை விரிக்கவில்லை. பொருளை அதன் உறவுகளிலிருந்து பிடுங்கிக் கண்ணாடிப் பெட்டியில் அசையாமல் வைக்கும் இடம்தான் அருங்காட்சியகம், அங்கே அனிமிசத்தைக் காட்டுவது எப்படி என்ற சங்கடத்திலிருந்து அது புறப்பட்டது. நேர்மையான சங்கடம். பின்னால் வந்த பலர் சங்கடத்தை விட்டுவிட்டுத் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

'ஆன்மிகம்' என்ற சொல்லையும் இப்படித்தான் உரசிப் பார்க்க வேண்டும். சுவீடன் ஓவியர் ஹில்மா ஆஃப் கிளிண்ட், மேலுலகிலிருந்து தனக்கு வந்த பணி என்று கருதி 1906 முதல் 1915 வரை 193 படங்கள் வரைந்தார். தான் இறந்து 20 ஆண்டுகள் ஆகும்வரை அவற்றைக் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மேலுலகம் உண்டா இல்லையா என்பது கிடக்கட்டும். அந்தப் பெண்மணிக்கு அது செலவு வைத்தது. மாலையில் திறப்பு விழா, இரவில் விற்பனைப் பட்டியல் என்று நடக்கும் ஆன்மிகத்துக்கு என்ன செலவு?

சரி, நண்பரின் ஆறு. நான் பிரதியைப் பார்க்கவில்லை. ஆனால் ஆறு பேசும் பிரதிகள் இந்த மேசைக்கு வராத மாதம் இல்லை, ஊகிக்க முடிகிறது. 'நான் மலையில் பிறந்தேன்' என்று முதல் வரி. மூன்றாம் பக்கத்தில் ஆறு மனிதர்களுக்கு அறிவுரை சொல்லும். அது ஓய்வுபெற்ற தமிழாசிரியரின் குரலில் பேசும். அதற்குப் பசிக்காது, கோபம் வந்தாலும் நியாயமான கோபம்தான் வரும், எழுத்தாளரோடு ஒரு விஷயத்தில்கூட மாறுபடாது. ஆற்றுக்குக் குரல் கொடுத்தேன் என்கிறார்கள். ஆற்றின் வாய்க்குள் தன் குரலைத் திணித்தார்கள் என்பதே சரி.

நிஜ ஆறுகள் சட்டத்தில் எப்படிப் பேசுகின்றன என்று பாருங்கள். நியூசிலாந்தின் வாங்கனூயி ஆற்றை 2017-ல் சட்டம் மூலம் ஒரு நபர் ஆக்கினார்கள். அதன் சார்பில் பேச இரண்டு மனிதர்கள். ஒருவரை அரசும் மற்றவரை ஆற்றங்கரை மாவோரி மக்களும் நியமிக்கிறார்கள். தவறாகப் பேசினால் யாரைக் கேட்பது என்பது தெரியும். அதே ஆண்டு உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்டப்படி நபர் என்றது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. வெள்ளம் வந்து ஆள் செத்தால் இழப்பீட்டு வழக்கை யார்மேல் போடுவது என்பது அவர்கள் கவலைகளில் ஒன்று. தீர்ப்புக்குத் தடை கிடைத்தது. சிரிப்பு வரலாம், ஆனால் பேசும் ஆற்று நாவல்கள் பலவற்றைவிட அந்த மனு ஆற்றை ஆளாக மதித்தது. ஆள் என்றால் பொறுப்பு உண்டு, தப்பும் செய்யும் என்றல்லவா அது கேட்டது?

நண்பர் படிக்க வேண்டியது நற்றிணை 172. சிறுமிகள் விளையாட்டாக மணலில் ஒரு புன்னை விதையை அழுத்திவிட்டு மறந்துபோகிறார்கள். அது முளைக்கிறது, நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். 'நும்மினும் சிறந்தது, நுவ்வை ஆகும்' என்று அம்மா சொல்லிவிடுகிறாள்: உங்களைவிட உயர்ந்தது, உங்கள் தங்கை. இப்போது அந்த மரத்து நிழலுக்குக் காதலன் வருகிறான். தோழி சொல்கிறாள்: இங்கே உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது, வேறு நிழலா இல்லை?

புன்னை அந்தப் பாட்டில் ஒரு சொல் பேசவில்லை. இலைகூட அசைவதாக இல்லை. மரத்துக்கு ஆன்மா இருக்கிறது என்றும் யாரும் சொல்லவில்லை. உறவுமுறை ஒன்று விழுந்தது, அவ்வளவுதான்; அதன் பிறகு இரண்டு பேர் எங்கே உட்காரலாம் என்பதே மாறிப்போகிறது. தங்கை முன்னால் செய்யக் கூடாதது மரத்தின் முன்னாலும் கூடாது. பகல் சந்திப்பு போதும், மணம் முடிக்கும் வழியைப் பார் என்ற நெருக்கடியும் அந்த வெட்கத்துக்குள் மறைந்திருக்கிறது. மரம் கதையைத் திருப்புகிறது, வாயைத் திறக்காமலே. எல்லாப் புன்னைக்கும் இந்த மரியாதை இல்லை என்பதையும் கவனியுங்கள். பக்கத்து நிழல் வெறும் நிழல்தான். ஒஜிப்வே முதியவரின் 'சில' இங்கேயும் இருக்கிறது.

நண்பருக்கு வேலை இது. ஆறு 'நான்' என்று தொடங்கும் வாக்கியங்களை எல்லாம் அடித்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கட்டும். பிறகு ஆற்றங்கரையில் வாழும் பாத்திரங்களை எடுத்துக்கொள்ளட்டும். இந்த ஆற்றின் எந்த மடுவில் யார் இறங்கக் கூடாது? எந்த மாதம் வலை போடக் கூடாது? யார் வீட்டுப் பிணத்துக்கு எந்தத் துறை? ஆற்றுக்குக் கொடுத்த வாக்கு எது, அதை மீறியவன் வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? பழிக்கு ஆறு காரணமா தற்செயலா என்பதை ஆசிரியர் முடித்துவைக்க வேண்டாம். மாயம் என்று ஒரு அத்தியாயம் தனியாக ஒதுக்கவும் வேண்டாம். வரப்புத் தகராறு வருகிற அதே பத்தியில் அதுவும் வரட்டும். இதற்கெல்லாம் விடை இல்லையென்றால் அவருக்கு அந்த ஆற்றோடு பழக்கமில்லை என்று அர்த்தம். போய்ப் பழகிவிட்டு வரட்டும்.

வேப்பமரத்துக்கு மஞ்சள் பூசிய ஓவியரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கண்காட்சி முடிந்த மறுநாள் காலை அந்த மரத்தை என்ன செய்தீர்கள்? கிடங்கு, ஏலம், குப்பை வண்டி என்று பதில் வந்தால் அது அலங்காரம். நன்றாக இருந்தால் அலங்காரம் என்றே பாராட்டிவிடுங்கள். திணறினார் என்றால் கொஞ்சம் நின்று பேசுங்கள்.

நாவலை எங்களுக்கு அனுப்பலாமா என்று நண்பர் அடுத்து கேட்பார். ஆறு வாயை மூடிய பிறகு அனுப்பச் சொல்லுங்கள்.