டிரான்சிஸ்டர் ஏன் அணைய மறுக்கிறது?

கேள்வி: டிரான்சிஸ்டர் செய்வதற்காக, பி3எச்டி என்ற குறைக்கடத்திப் பாலிமரைக் குளோரோஃபார்மில் கரைத்து, 300 நானோமீட்டர் ஆக்சைடு உள்ள சிலிக்கான் தகட்டில் சுழற்றிப் பூசுகிறேன். படலம் மங்கலாக வருகிறது. கேட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) மின்னழுத்தம் சுழியாக இருந்தாலும் மின்னோட்டம் நிற்பதில்லை. ஏன்?
– வாசகி, பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: முதலில் மங்கலைப் பார்ப்போம். குளோரோஃபார்மின் கொதிநிலை 61 டிகிரிதான். அது சட்டென்று ஆவியாகும்போது படலம் குளிர்கிறது; பினாங்கின் ஈரக்காற்று அதன்மேல் நுண்துளிகளாகப் படிகிறது. துளி காய்ந்த இடம் குழியாகிவிடும். நுண்ணோக்கியில் பாருங்கள், தேன்கூடு போலத் தெரியும். 132 டிகிரியில் கொதிக்கும் குளோரோபென்சீனுக்கு மாறுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் போட்டு, 60 டிகிரியில் கலக்கி, 0.45 மைக்ரான் டெஃப்லான் வடிகட்டியில் வடித்து, சூடு ஆறுமுன் பூசுங்கள். ஆறவிட்டால் கூழாகத் திரண்டுவிடும். நிமிடத்துக்கு 1500 சுற்று வேகம் போதும். ஆரஞ்சு நிறக் கரைசல் காய்ந்து கருஊதாவானால் பாலிமர் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன என்று நம்பலாம்.

நிற்காத மின்னோட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஆக்சிஜனும் ஈரமும். இரண்டும் சேர்ந்து பாலிமரில் வேண்டாத துளைகளை, அதாவது நேர்மின் ஊர்திகளை, உண்டாக்குகின்றன. நைட்ரஜனில் 120 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, காற்றுப் படாமல் அங்கேயே அளவிடுங்கள். கேட் மின்னழுத்தத்தைச் சுழியிலிருந்து தொடங்காமல் +20 முதல் –60 வோல்ட் வரை நகர்த்துங்கள்; நேர் மின்னழுத்தம் அந்தத் துளைகளை விரட்டும். இன்னொன்று, பலரும் மறப்பது: மின்னோட்டம் சுற்றுப் படலம் வழியாக ஓடாதபடி, சாதனத்தைச் சுற்றிப் படலத்தை ஊசியால் கீறிப் பிரித்துவிடுங்கள். கேட் கசிவையும், அதாவது ஆக்சைடு வழியாகக் கசியும் மின்னோட்டத்தையும், உடன் பதிவு செய்யுங்கள்.