பாதி சீசனில் மேலாளை மாற்றலாமா?

கேள்வி: நாலு மேட்ச் தோற்றதும் கால்பந்து கிளப்புகள் சீசன் நடுவிலேயே மேலாளரை மாற்றிவிடுகின்றனவே, இதனால் உண்மையில் பலன் உண்டா?
(ஒரு வாசகர், தேவகோட்டை)

பதில்:

மேலாளர் என்று எழுதினீர்களே, முதலில் அதற்கு நன்றி. நான் இந்தப் பக்கத்தில் 'மேலாளர்' என்று போடும்போதெல்லாம், "மேனேஜர் என்றே எழுதக்கூடாதா, எதற்கு இந்தப் புதுச் சொல்?" என்று கார்டு போடுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். பதினோரு வருடமாக எங்களுக்குள் இந்தச் சண்டை ஓடுகிறது. புதுச் சொல்லா? பர்மாவிலும் மலாயாவிலும் நம் நகரத்தார் கொண்டு விற்க, அதாவது வட்டிக்கடை நடத்தப் போன காலத்தில், கிட்டங்கி என்கிற அந்தக் கடை வீட்டில் பெட்டியடிப் பையன், அவனுக்கு மேலே அடுத்தாள், அடுத்தாளுக்கு மேலே மேலாள் என்றுதானே கூப்பிட்டார்கள்! முதலாளி காரைக்குடியிலோ பள்ளத்தூரிலோ இருப்பார், கடை மோல்மேனிலோ பெகுவிலோ நடக்கும், நடத்துகிறவர் மேலாள். சம்பளத்துக்குப் போனவர்தான், ஆனால் யாருக்குக் கடன் கொடுப்பது, யாருக்குக் கை விரிப்பது, எல்லாம் அவர் வாக்கு. இங்கிலாந்துக் கிளப்புகளின் பழைய மேனேஜரும் இதே மாதிரிதான். ஆளை வாங்குவது, விற்பது, களத்தில் இறக்குவது எல்லாம் அவர் கையில் இருந்தது. இப்போது பல கிளப்புகளில் ஆள் வாங்குவதற்கென்று தனியாக ஓர் இயக்குநர் உட்கார்ந்திருக்கிறார், மேனேஜர் வெறும் தலைமைப் பயிற்சியாளர். தோற்றால் வீட்டுக்குப் போவது மட்டும் இன்னமும் இவர்தான்.

அந்த மேலாளுக்குத் தவணை மூன்று வருடம். மூன்று வருடம் முடிந்தால் ஊரிலிருந்து அடுத்தவர் கப்பலேறுவார், இவர் கணக்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்புவார். எங்கள் ஐயா பெகுவில் அடுத்தாளாக இருந்தவர். அவருடைய தகரப் பெட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நோட்டு இருக்கிறது, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. பேரேட்டில் தொகையும் வட்டியும் இருக்கும், ஐந்தொகையில் லாப நட்டம் இருக்கும், இந்த நோட்டில் அது எதுவும் கிடையாது. கடனாளி பெயர், எதிரே ஒரு வரி. ஒருவருக்கு 'மாடு இரண்டு, அறுப்பு முடிந்தபின் கேள்' என்று இருக்கிறது. இன்னொருவருக்கு 'தம்பி பொறுப்பில்லாதவன், அண்ணனிடம் மட்டும் பேசு.' புது மேலாள் வந்து இறங்கியதும் பழையவர் இந்த நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடனாளி வீட்டுக்கும் அவரைக் கூட்டிப் போய் முகம் காட்டிவிட்டுத்தான் கப்பலேறுவாராம். ஒரு பருவம் விளைச்சல் பொய்த்து வசூல் குறைந்தது என்பதற்காக முதலாளி தந்தியடித்து மேலாளை மாற்றியதாக ஐயா ஒருநாளும் சொன்னதில்லை.

சரி, கால்பந்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கல்யாணம்.

என் சித்தப்பா மகள் கல்யாணத்தில், முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு சமையல் மாஸ்டருக்கும் பெண் வீட்டு மாமா ஒருவருக்கும் விறகு விஷயத்தில் வாக்குவாதம். மாஸ்டர் கரண்டியைப் போட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வளவெல்லாம் அல்லோலகல்லோலம். ஆச்சிமார் அழாத குறை. இரண்டு மணிக்குப் பக்கத்து ஊரிலிருந்து வேறொரு மாஸ்டரைக் காரில் கூட்டி வந்தார்கள். காலைப் பந்தியில் கவுனி அரிசி, அதுதான் கறுப்பரிசி இனிப்பு, வைத்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு கவுனி அரிசியை நான் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. பந்தி முழுக்க ஒரே பேச்சு, "புது மாஸ்டர் கைப்பக்குவமே தனி!" மாமா அவருக்கு மேற்கொண்டு ஐநூறு ரூபாயும் ஒரு வேட்டியும் கொடுத்தார். அடுக்களைப் பக்கம் போனேன். பாத்திரம் தேய்க்கிற அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கவுனியை நேத்துச் சாயங்காலமே கழுவி ஊறப் போட்டுட்டுப் போனது பழையவருங்க. இவரு அவிச்சுச் சீனியும் தேங்காயும் போட்டாரு, அம்புட்டுத்தான்."

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த அம்மா சொன்னதுதான். லண்டனின் செல்சி கிளப் 2012 மார்ச்சில் வில்லாஸ்-போவாஸை அனுப்பிவிட்டு ராபர்ட்டோ டி மத்தேயோவை உட்கார வைத்தது, மே மாதம் மியூனிக்கில் ஐரோப்பியக் கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக். 2021 ஜனவரியில் லம்பார்ட் போய் டூகெல் வந்தார், மறுபடியும் மே மாதம் அதே கோப்பை. ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் 2019 நவம்பரில் கோவாச்சை அனுப்பி ஹான்சி பிளிக்கைப் போட்டது, அந்த சீசனில் மூன்று கோப்பை. மாற்றம் வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் எல்லோரும் இந்த மூன்றையும்தான் எடுத்து வைப்பார்கள். வந்தவர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கவுனியைக் குழையவிடாமல் அவிப்பதற்கும் கை வேண்டும். ஆனால் இந்த மூன்று இடத்திலும் ஊறப் போட்ட அரிசி முதல் தரம். அரிசி சுமாராக இருந்த இடத்தில் என்ன ஆயிற்று? வாட்ஃபோர்டு 2021-22 சீசனில் மூன்று மேலாளர்களைப் பார்த்தது, கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. அடுத்த சீசனில் சவுத்தாம்ப்டனும் லீட்ஸும் ஆளுக்கு மூன்று பேரை வைத்துப் பார்த்தன, இரண்டுமே இறங்கின.

பாஸ் டெர் வேல் என்ற டச்சுப் பொருளியல் அறிஞர் இதைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார். 1986 முதல் 2004 வரை ஹாலந்தின் முதல் டிவிஷன் ஆட்டங்களை எடுத்துக்கொண்டார். மேலாளரை அனுப்பிய கிளப்புகளை ஒரு பக்கம் வைத்தார், அதே அளவுக்குச் சரிந்தும் அனுப்பாமல் பொறுத்திருந்த கிளப்புகளை இன்னொரு பக்கம் வைத்தார். அனுப்பியவர்கள் தேறினார்கள். அனுப்பாதவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள்! யோசித்தால் விஷயம் எளிது. ஒரு மேலாளரை எப்போது அனுப்புகிறார்கள்? இரண்டு பேர் காலில் கட்டுடன் உட்கார்ந்திருக்கும்போது, அடித்த பந்தெல்லாம் கம்பத்தில் பட்டுத் திரும்பும்போது, மோசத்திலும் மோசமான வாரத்தில்தானே அனுப்புகிறார்கள்? அடுத்த மாதம் கட்டு அவிழும், பந்து உள்ளே போகும். அப்போது நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவருக்கு வேட்டி.

2024-25 சீசனைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். மான்செஸ்டர் யுனைடெட் அக்டோபரில் டென் ஹாக்கை அனுப்பியது, லிஸ்பனில் ஸ்போர்ட்டிங் கிளப்பில் இருந்த ரூபன் அமோரிமைக் கூப்பிட்டது. அங்கே அவர் லீக்கில் ஆடிய பதினொன்றையும் ஜெயித்து வைத்திருந்தார். சீசன் முடிந்து வருகிறேன் என்று கேட்டுப் பார்த்தார், இப்போது வராவிட்டால் எப்போதும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வந்தார், யுனைடெட் 15-ஆவது இடத்தில் முடித்தது, 1973-74-இல் கீழே இறங்கியதற்குப் பிறகு அதன் மோசமான இடம் அது. லிஸ்பனில் ஆள் போன இடத்தில் பெரைரா வந்தார், டிசம்பரிலேயே அவரும் போனார், ரூய் போர்ஜஸ் வந்தார். ஒரே சீசனில் மூன்று பேர். ஆனாலும் லீக் கோப்பை ஸ்போர்ட்டிங்குக்குத்தான், உள்நாட்டுக் கோப்பையும் சேர்த்து! அங்கே யோக்கெரெஸ் என்று ஒருவர் லீக்கில் மட்டும் 39 கோல் அடித்துக்கொண்டிருந்தார்.

நம் ஊர் உதாரணத்தையும் மறைக்க மாட்டேன். 2019-20-இல் ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக்கில் நம் சென்னையின் எஃப்சி தொடக்கத்திலேயே தள்ளாடியது, ஜான் கிரிகோரி விலகினார், டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். இறுதிப் போட்டி வரைக்கும் போய்விட்டது அந்த அணி. கோவாவில் ஆளில்லாத மைதானத்தில் கொல்கத்தாவின் ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றபோது நான் டிவியை அணைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதனால் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆட்டக்காரர்கள் காது கொடுத்துக் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள் என்றால் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் வருகிறவருக்கு ஜனவரியில் இரண்டு ஆள் வாங்கிக் கொடுங்கள், தோற்றாலும் அடுத்த சீசனுக்கு நீதான் என்று வாக்குக் கொடுங்கள். மான்செஸ்டர் யுனைடெட்டின் புகழ்பெற்ற மேலாளர் ஃபெர்குசன்கூட 1986 நவம்பரில், பாதி சீசனில் வந்தவர்தான். அந்த சீசனில் 11-ஆவது இடம், முதல் கோப்பைக்கு 1990 வரை ஆயிற்று. பொறுத்தார்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். டென் ஹாக்குக்கு 2024 ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டித்ததும் அந்த நிர்வாகம், அக்டோபரில் அனுப்பியதும் அதே நிர்வாகம். இதை நான் எங்கள் ஊரிலேயே பார்த்துவிட்டேன். ஊருணி தூர்வார ஒரு அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். வந்த அதிகாரி கரையெல்லாம் நடந்து பார்த்து, வரத்துக்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று கையாலேயே ஒரு படம் போட்டார். நாலாம் மாதம் அவரை மாற்றிவிட்டார்கள். அடுத்தவர் வந்து மறுபடி அளந்தார், அவரும் போனார். மூன்றாவது அதிகாரி, "ஊருணி எந்தப் பக்கம் இருக்கு?" என்று என்னிடமே கேட்டார். நல்ல மனிதர், அவர்மேல் குறை இல்லை. முதல் ஆள் போட்ட படம் அவர் கைக்கு வரவேயில்லை. அந்த வருட மழை முழுக்க ரோட்டோடு போயிற்று.

தேவகோட்டைக்காரரே, உங்கள் வீட்டுப் பரணில் மேலாள் வைத்திருந்த ஒப்படைப்பு நோட்டு ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எனக்கு அனுப்பி வையுங்கள், அட்டையிலேயே போடுகிறேன், பத்திரமாகத் திருப்பியும் தருகிறேன். 'மேலாள்' என்ற எழுத்து அதில் தெளிவாகத் தெரிந்தால் இன்னும் நல்லது, கார்டு நண்பருக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும்.