கேள்வி நேரம்: ஸ்புட்னிக்

கேள்வி: உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை வெறும் கண்ணால் பார்த்தோம் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்கிறார்களே, நிஜமா?

பதில்: பார்த்தது நிஜம், ஆனால் பெரும்பாலானோர் பார்த்தது ஸ்புட்னிக்கை அல்ல. 1957 அக்டோபர் 4-ஆம் தேதி சோவியத் யூனியன் ஏவிய அந்த உருண்டைக்கு விட்டம் வெறும் 58 செ.மீ., எடை 83.6 கிலோ, பளபளவென்று மெருகேற்றிய அலுமினியக் கலவை உடம்பு, பின்னால் மீசை மாதிரி நீண்ட நான்கு ஆன்டெனாக்கள், அவ்வளவுதான். கூடவே சுற்றுப்பாதைக்குப் போன ராக்கெட்டின் பெரிய மையப் பகுதிதான் வெயில் பட்டு நட்சத்திரம் போல நகர்ந்தது. ஸ்புட்னிக்கைக் கண்ணைவிடக் காதால் பிடிப்பதே சுலபம்: சாதாரண அமெச்சூர் ரேடியோக்காரர்கள்கூட 20 மெகாஹெர்ட்ஸில் அந்த ‘பீப் பீப்’பைக் கேட்டார்கள். மூன்று வாரத்தில் பேட்டரி தீர்ந்து சத்தம் நின்றது.

கேள்வி: அமெரிக்கா அப்போது என்ன செய்தது?

பதில்: அவசரப்பட்டது. டிசம்பர் 6-இல் வான்கார்ட் ராக்கெட் ஒரு மீட்டர் அளவுக்கு எழும்பி, அப்படியே ஏவுதளத்தில் விழுந்து வெடித்தது. உள்ளே இருந்த குட்டிச் செயற்கைக்கோள் தூக்கி எறியப்பட்டு, கீழே கிடந்தபடியே சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தது. எனக்கு அதை நினைத்தால் இன்னும் மனசு கஷ்டப்படும். அப்புறம் 1958 ஜனவரி 31-இல் அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1 போனது. அதில் இயற்பியலாளர் வான் ஆலன் வைத்த கருவிதான் பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்களைக் காட்டிக்கொடுத்தது.