பன்னிரண்டு வருடக் கணக்கை முதலில் போடுங்கள்

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, தனியார் பள்ளியில் ஆறு வருடமாக ஆங்கிலம் எடுக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் வழி, அதன்பின் ஆங்கில வழி. ஜப்பானில் பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ வேலை கிடைக்குமா? 'ஆறு வருட அனுபவம் இருக்கு, விசா நிச்சயம்' என்று ஏஜென்ட் ஒருவர் முன்பணம் கேட்கிறார்.
- வாசகி, திருச்சி

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். அவர் விதியைத் தப்பாகப் படித்திருக்கிறார்.

பள்ளிகளில் ஜப்பானிய ஆசிரியருக்குத் துணையாக வகுப்பில் நிற்பவரை ஏ.எல்.டி. என்பார்கள். அந்த வேலைக்குரிய விசா 'கியோயிகு'. அனுபவத்தை (ஐந்து வருடம்) அதில் கேட்பது மொழி அல்லாத பாடங்களுக்கு. ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர் பட்டம் வாங்கியிருப்பதோடு, ஆங்கில வழியிலேயே 12 வருடம் படித்திருக்கவும் வேண்டும். உங்களுக்கு ஆறாவது முதல் பிளஸ் டூ வரை 7, பி.ஏ. 3, எம்.ஏ. 2. சரியாகப் பன்னிரண்டு, ஒன்றுகூட உபரி இல்லை. அதனால் ஒவ்வொரு வருடத்துக்கும் காகிதம் காட்ட வேண்டிவரும்.

டி.சி.யை எடுத்து 'பயிற்று மொழி' என்ற இடத்தைப் பாருங்கள். வெற்றாக இருந்தாலோ, கடைசி வகுப்பை மட்டும் சொன்னாலோ போதாது. எந்தக் கல்வியாண்டு முதல் எதுவரை, எந்தெந்த வகுப்பு, ஆங்கில வழி என்று பள்ளி லெட்டர்ஹெட்டில் முத்திரையோடு போனஃபைடு வாங்குங்கள். கல்லூரியிலும் அப்படியே. இன்னொரு வம்பு இனிஷியல்: சான்றிதழில் ஓரெழுத்தாகவும் பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயராகவும் இருந்தால் இருவரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் கையில் இருக்கட்டும்.

ஏ.எல்.டி. ஆக நல்ல வழி, வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு வரவழைக்க ஜப்பான் அரசு 1987இல் தொடங்கிய ஜெட் திட்டம். விண்ணப்பக் கட்டணம் கிடையாது, அதிகபட்சம் ஐந்து வருடம். இந்தியர்களுக்கு இடங்கள் குறைவு. தூதரக அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். நேர்காணலில் மாதிரிப் பாடம் எடுக்கச் சொன்னால் இலக்கணத்தைத் தொடவே தொடாதீர்கள். நம் ஆசிரியர்கள் சறுக்கும் இடம் அதுதான். அங்கே மூன்றாம், நான்காம் வகுப்புக்கு ஆங்கிலம் வருடம் 35 பீரியட், ஐந்து, ஆறுக்கு 70. ஒரு பீரியட் 45 நிமிடம். பிள்ளைகளை வாய் திறந்து பேசவைக்கத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

இன்னொரு வழி, நகராட்சிகளுக்கு ஆள் அனுப்பும் தனியார் நிறுவனங்கள். அங்கே கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தம் 'ஹாகென்'னா (பள்ளியின் உத்தரவில் வேலை செய்ய ஆள் அனுப்புவது), 'க்யோமு இதாகு'வா (வேலையையே நிறுவனத்திடம் ஒப்படைப்பது) என்று கேளுங்கள். இரண்டாவது வகையில் பள்ளி ஆசிரியர் உங்களுக்கு நேரடியாக உத்தரவு தரக் கூடாது. பக்கத்தில் நின்றுகொண்டே பாடத்தைத் திட்டமிட முடியாத கூத்து அதனால்தான். ஆகஸ்டிலும் டிசம்பரிலும் விடுமுறையைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பார்களா, மருத்துவ, ஓய்வூதியக் காப்பீட்டில் சேர்ப்பார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு விசா வேறு, 'க்யோஜு'. அதற்குப் பன்னிரண்டு வருடக் கணக்கு இல்லை. ஆனால் தேர்வுக் குழு கறார். எம்.ஏ. குறைந்தபட்சம், இலக்கியத்தைவிட மொழி கற்பித்தல், பயன்பாட்டு மொழியியலுக்கு மதிப்பு அதிகம். மூன்று கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். காசு வாங்கிப் போடும் இதழ்கள் உதவாது. ஆய்வு, பல்கலைக்கழக வேலைகளுக்கான 'ஜெரெக்-இன்' தளத்தில் விளம்பரம் வரும், கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். 90 நிமிட வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி தரும் பகுதிநேர வேலைக்கு, ஏற்கெனவே ஜப்பானில் விசாவோடு இருப்பவரைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். முழுநேர வேலையும் அதிகமாகக் காலவரை ஒப்பந்தம்தான்.

வேலை உறுதியானால், விசா வாங்கத் தேவையான தகுதிச் சான்றிதழுக்கு (சி.ஓ.இ.) அங்கே நிறுவனமே விண்ணப்பிக்கும். ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். அது வெளியான நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விசா வாங்கி ஜப்பானில் இறங்கிவிட வேண்டும். முதல் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான் வரலாம், வீட்டுக்கு முன்தொகையும் கேட்பார்கள். ஏஜென்டுக்குக் கொடுக்க நினைத்த பணத்தை அதற்கு எடுத்துவையுங்கள்.