ஜானி லீவர் முகத்தைக் கோணிக் கத்துவதைத் தவிர என்ன செய்தார்? அவரைப் போய் ஏன் இந்திய ஸ்டாண்ட்-அப்பின் முன்னோடி என்கிறார்கள்?

நீங்கள் ஓடிடியில் இங்கிலீஷ் ஸ்டாண்ட்-அப் (ஒருவரே மேடையில் மைக்கைப் பிடித்துச் சிரிக்க வைக்கும் நிகழ்ச்சி) பார்த்துப் பழகிவிட்டு, அப்புறம் தொண்ணூறுகளின் இந்திப் படக் காமெடியைப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் பம்பாயில் வளர்ந்து, ஆர்கெஸ்ட்ரா மேடைகளில் பல வருஷம் மிமிக்ரி செய்தவன். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

இந்திப் படக் காமெடி நடிகர் ஜானி லீவரின் சொந்தப் பெயர் ஜான் பிரகாஷ் ராவ். 1957இல் ஆந்திராவில் பிறந்தவர், வளர்ந்தது பம்பாயில். வீட்டில் கஷ்டம், ஏழாவதோடு படிப்பு நின்றது. நடிகர்களைப் போல ஆடிக்காட்டித் தெருவில் பேனா விற்றார். பிறகு அப்பா வேலை பார்த்த ஹிந்துஸ்தான் லீவர் என்ற சோப்புக் கம்பெனியிலேயே தொழிலாளி. அங்கே ஒரு விழாவில் மேலதிகாரிகளை அச்சு அசலாக நடித்துக் காட்ட, கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர்தான் ஜானி லீவர். இந்தி இசையமைப்பாளர்கள் கல்யாண்ஜி-ஆனந்த்ஜி குழுவோடு மேடை ஏறினார். 1982இல் சுனில் தத்தின் ‘தர்த் கா ரிஷ்தா’வில் சினிமாவுக்கு வந்தார்.

இனி அந்த ‘கோணல்’ விஷயம். கணபதி பந்தலில் ரெண்டு பாட்டு முடிந்து வாத்தியக்காரர்கள் டீ குடிக்கப் போவார்கள், அந்த இடைவெளிதான் மிமிக்ரிக்காரனுக்கு. முன்னால் மராத்திக் குடும்பங்கள், நடுவில் நம்ம திருநெல்வேலிச் சனம், ஓரத்தில் தெலுங்குக்காரர்கள், உ.பி. பையன்கள். சிவாஜி கணேசன் குரல் எடுத்தால் நடுவில் மட்டும் கைதட்டல். மராத்தி நாடக வசனம் சொன்னால் முன்வரிசை மட்டும். ஆனால் லோக்கல் ட்ரெயின் நெரிசலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, தள்ளுகிறவனைத் திரும்பி முறைக்கவும் முடியாமல், தன் ஸ்டேஷன் போய்விடுமோ என்று கழுத்தை எட்டிப் பார்க்கிறவனை வாய் திறக்காமல் செய்து காட்டினால் மொத்தப் பந்தலும் சிரிக்கும். பாஷை கலந்த கூட்டத்தை உடம்பால்தான் பிடிக்க முடியும். ஜானி பாய் (இந்தியில் ‘பாய்’ என்றால் அண்ணன்) தேறி வந்தது அப்படிப்பட்ட கூட்டத்தில். கிளப் கிடையாது, டிக்கெட் வாங்கி அமைதியாக உட்காரும் ஆடியன்ஸ் கிடையாது. தனி ஆளாக மைக்கைப் பிடித்துச் சிரிக்க வைப்பதை ஒரு தொழிலாகவே ஆக்கினார். அவர் கேசட்டைக் கேட்டுத்தான் நாங்களெல்லாம் டைமிங் கற்றோம்.

‘பாஜிகர்’ (1993) படத்தின் பாபுலால் வேஷத்தில் பல வசனங்கள் அவரே செட்டில் சேர்த்தவை. ‘தீவானா மஸ்தானா’, ‘துல்ஹே ராஜா’ இரண்டுக்கும் ஃபிலிம்ஃபேர் விருது வாங்கினார்.

உடனே ‘ரசிகர் மன்றத்து ஆள்’ என்று கமெண்டில் வராதீர்கள். அவருக்குக் கிடைத்த பல வேஷங்கள் மட்டமானவை, ஒப்புக்கொள்கிறேன். எழுதத் தெரியாத டைரக்டர்கள், ‘ஜானி பாய் வந்து ஏதாவது பண்ணுவார்’ என்று ஸ்கிரிப்டில் இடத்தைக் காலியாக விட்டால் அது அவர் குற்றமா? இங்கிலீஷ் காமெடியன்கள் மேலும் எனக்குக் கோபமில்லை, அவர்கள் நிகழ்ச்சியையும் விரும்பித்தான் பார்க்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் முடியவில்லை. விழா நோட்டீஸில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று இருபது பேர் போட்டோ இருக்கும். எங்கள் பெயர் ‘மற்றும் பல்சுவை நிகழ்ச்சி’. வாழ்த்துரை முக்கால் மணி நேரம் இழுக்கும், மைக் நம் கைக்கு வரும்போது, போலீஸ் அனுமதித்த நேரம் முடியப் போகிறது என்று விழாக்காரர்கள் சைகை காட்டுவார்கள். அப்புறம் பாதிப் பணம்தான், ‘நீங்கதான் அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டீங்களே அண்ணா’ என்பார்கள். இன்றைக்கும் பல இடங்களில் இதுதான் நடக்கிறது.

படத்தை விட்டுவிட்டு அவருடைய பழைய மேடை நிகழ்ச்சிகளைத் தேடிப் பாருங்கள். இந்தி தெரியாவிட்டாலும் பரவாயில்லை.