வெளிநாட்டுத் தூதர் அமெரிக்கத் தேர்தலில் தலையிட்டது உண்டா?

உண்டு, அதுவும் மூன்றாவது அதிபர் தேர்தலிலேயே. 1794-இல் அமெரிக்கா பிரிட்டனுடன் ஜே ஒப்பந்தம் என்ற சமாதான, வணிக உடன்படிக்கை செய்துகொண்டதில், பிரிட்டனோடு போரில் இருந்த பிரான்ஸுக்குக் கடும் கோபம். 1796-இல் ஃபெடரலிஸ்ட் கட்சியின் ஜான் ஆடம்ஸும், பிரான்ஸ் பக்கம் சாய்ந்த தாமஸ் ஜெஃபர்சனும் மோதினார்கள்.

அப்போது பிரெஞ்சுத் தூதர் பியர் அடே என்ன செய்தார் என்று பாருங்கள். அமெரிக்க அரசுக்கு எழுதிய கடிதத்தை அப்படியே பிலடெல்ஃபியாவின் 'அரோரா' பத்திரிகையிலும் வரவைத்தார். பிரிட்டிஷ் கப்பல்கள் உங்கள் கப்பல்களை எப்படி நடத்த விடுகிறீர்களோ, எங்கள் கப்பல்களும் அப்படியே நடத்தும் என்பது அதன் சாரம். அது அச்சானது அக்டோபர் 31. பென்சில்வேனியாவில் வாக்குப்பதிவு நவம்பர் 4! கடல் வணிகத்தை நம்பிப் பிழைத்த ஊரில் இது எவ்வளவு பெரிய மிரட்டல் என்று யோசியுங்கள். தூதர் செய்யக்கூடாத வேலை இது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, பலித்ததா? அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலமும் தேர்வாளர்களை அனுப்பும்; பென்சில்வேனியாவின் 15 தேர்வாளர்களில் 14 பேர் ஜெஃபர்சனுக்கு வாக்களித்தார்கள். மிரட்டல்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அங்கே ஜெஃபர்சனின் கட்சிக்காரர்கள் கடுமையாக உழைத்திருந்தார்கள். கடைசியில் தேர்வாளர் வாக்குகளில் 71-க்கு 68 என்று ஆடம்ஸ்தான் ஜெயித்தார். அன்றைய விதிப்படி, தோற்ற ஜெஃபர்சன் அவருக்கே துணை அதிபரானார்.