டாக்டருக்காக வீட்ட பேங்க்ல வைக்கிறதுக்கு முன்னாடி பாப்பாவோட குப்பை ஆராய்ச்சிய ஒரு தடவ பாருங்க

அக்கா, உங்க வாய்ஸ் நோட் எல்லாத்தையும் கேட்டேன், நடுவுல அழுததையும் சேத்துதான். பேரு போடாம பொதுவா எழுதட்டுமான்னு கேட்டதுக்கு சரின்னு சொன்னீங்க, அதனால எழுதறேன், ஏன்னா பிறையிலயும் பட்டர்வொர்த்லயும் இதே கேள்வியோட நெறைய பேரு உக்காந்திருக்காங்க.

படிக்கிறவங்களுக்கு விஷயம் இதுதான். மூத்த பொண்ணு பாப்பாவுக்கு 25 வயசு, பினாங்கு யூஎஸ்எம் யூனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் முடிக்கப் போறா. வெளிநாட்டுலேர்ந்து இங்க வந்து எறங்குற பிளாஸ்டிக் குப்பைய எந்தச் சட்டம் உள்ள விடுது, எந்த ஓட்டை வழியா வருது, இதுதான் அவ ஆராய்ச்சி. தைப்பூசத்துக்கு தண்ணிமலைக்கு வந்த கிள்ளான் பெரியப்பா எல்லாரு முன்னாடியும் வச்சு "குப்பையப் படிக்கவா இவள யூனிக்கு அனுப்புன, இன்னும் வயசு போயிடல, எம்பிபிஎஸ் சேத்து விடு, டாக்டரா இருக்கற என் பையனப் பாரு"ன்னு சொல்லிட்டாரு. அன்னைலேர்ந்து வீட்ல தூக்கம் இல்ல.

கவலப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்னு சொல்லி முடிச்சிருப்பேன். ஆனா கடைசி வாய்ஸ் நோட்ல, வீட்ட ரீபைனான்ஸ் பண்ண உங்க வீட்டுக்கார அண்ணன் பேங்க்ல பேசிட்டாருன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கப்புறம் ஆறுதல் சொல்ற மூடு போயிடுச்சு. வேணாம்க்கா. அந்த லோன் பாரத்துல கையெழுத்து போட வேணாம்.

கணக்கு பாருங்க. தனியார்ல மெடிசின் 5 வருஷம், மூணு லட்சம் வெள்ளிக்கு மேல ஆகும், சில எடத்துல அஞ்சு லட்சத்த தொடும், சாப்பாடு ரூம் வாடகை தனி. 25ல சேந்தா 30ல முடிப்பா, அப்புறம் ஹவுஸ்மேன்ஷிப், அதான் ஆஸ்பத்திரில பயிற்சி டாக்டர் வேலை, 2 வருஷம். பெரியப்பா பையன் எந்த வருஷம் வேலைக்கு சேந்தாருன்னு கேட்டீங்களா? 2016 டிசம்பருக்கு முன்னாடின்னா அவரு சேரும்போதே நிரந்தர வேலை. அதுக்கப்புறம் வந்த பிள்ளைங்க எல்லாம் கான்ட்ராக்ட், அந்தக் கோவத்துலதான் 2021 ஜூலைல கான்ட்ராக்ட் டாக்டருங்க கருப்பு சட்டை போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிய விட்டு வெளிய வந்து நின்னாங்க. அவருக்கு கெடச்ச கதவு உங்க பொண்ணுக்கு அதே மாதிரி தெறக்கும்னு பெரியப்பா நெனைக்கிறாரு, தப்பான எண்ணத்துல சொல்லல, ஆனா கடன கட்டப் போறது அவரு இல்லையே. அண்ணனுக்கு 53 வயசு. கேடபிள்யூஎஸ்பில, அதான் ஓய்வுக்கால சேமிப்பு நிதில, செஜாத்ரா கணக்குலேர்ந்து பிள்ளை படிப்புக்கு எடுக்கலாம், சட்டப்படி முடியும்தான், ஆனா அவரு ரிட்டயர் ஆகப் போற நேரத்துல ஒரு புது ஹவுசிங் லோனும் காலியான கேடபிள்யூஎஸ்பியும் வச்சுக்கிட்டு நிக்கறதுக்கு நான் சம்மதிக்கவே மாட்டேன். அது படிப்புச் செலவு இல்ல, ஒங்க ரெண்டு பேரோட வயசான காலத்த எடுத்து செலவு பண்றது.

இன்னொண்ணு. இத்தனை நேரம் பேசினீங்க, பாப்பா டாக்டர் ஆகணும்னு சொன்னாளான்னு ஒரு வார்த்த கூட இல்ல. ஆனா "எப்பப் பாத்தாலும் கண்டெய்னர், கண்டெய்னர்னு பேசுறா, சாப்புடும்போது கூட போன்ல போர்ட்டு பேப்பர படிக்கிறா"ன்னு புகார் சொன்னீங்க. அக்கா அது புகார் இல்ல. எங்கிட்ட வர்ற பசங்கள்ல பாதிப் பேருக்கு எதுல ஆர்வம்னு கண்டுபிடிக்கவே டெஸ்ட்டு வச்சு மல்லுக்கட்டணும், உங்க வீட்ல அது சாப்பாட்டு மேசைலயே தெரியுது. அத அழிச்சிட்டு வேற ஒண்ண எழுத முடியாது.

இப்ப எங்க போலாம்னு பேசுவோம். பிஎச்டி பண்ணி லெக்சரர் ஆகறது, அரசாங்க வேலைக்கு ஆள் எடுக்கற எஸ்பிஏ வழியா சுற்றுச்சூழல் இலாகாவுக்கு மனு போடறது, இஐஏ, அதான் சுற்றுச்சூழல் பாதிப்பு ரிப்போர்ட் எழுதற கன்சல்டன்ட் கம்பெனில சேர்றது, இதெல்லாம் அவளுக்கும் அவ சூப்பர்வைசருக்கும் நல்லாத் தெரியும், நான் சொல்லி ஆகப் போறது ஒண்ணும் இல்ல. யாரும் சொல்லாத ஒண்ண சொல்றேன்: அரசாங்கம் காசு குடுத்து நடத்துற குறுகிய கால ஃபெலோஷிப். டிகிரி கெடையாது, வேலையும் கெடையாது. மூணு மாசம், ஆறு மாசம், ஒரு வருஷம்னு ஆராய்ச்சி பண்றவங்கள சட்டம் எழுதற எடத்துக்குப் பக்கத்துல கொண்டு போய் உக்கார வைப்பாங்க, மாசாமாசம் பணம் குடுப்பாங்க. அமெரிக்கால 1973லேர்ந்து ஏஏஏஎஸ்னு ஒரு அமைப்பு விஞ்ஞானிங்கள காங்கிரசுக்கும் அரசாங்க ஏஜென்சிங்களுக்கும் அனுப்புது, பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல போஸ்ட்னு ஒரு ஆபிஸ் இருக்கு, அங்க பிஎச்டி மாணவருங்க மூணு மாசம் உக்காந்து எம்பிங்களுக்கு சின்னச் சின்ன அறிக்கை எழுதிக் குடுப்பாங்க. முன்னது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும், பின்னது அந்த ஊர்ல பிஎச்டி பண்றவங்களுக்கு, அதனால பாப்பா அந்த ரெண்டு பக்கத்தையும் மூடிடலாம். ஃபுல்பிரைட்னு அமெரிக்க அரசாங்கத்தோட ஸ்காலர்ஷிப் கேஎல்ல இருக்கற மேசிங்கற மலேசிய-அமெரிக்க கல்விப் பரிமாற்ற ஆபிஸ் வழியா வரும், அது இன்னும் கொஞ்சம் வருஷம் கழிச்சு பாத்துக்கலாம்.

அவளுக்கு நான் சொல்றது ஜெர்மனி. ஜெர்மன் அரசாங்கத்தோட சர்வதேச காலநிலை நிதில, ஐகேஐனு சொல்லுவாங்க, அதுலேர்ந்து பணம் வருது, பான் நகரத்துல இருக்கற அலெக்சாண்டர் ஃபன் ஹும்போல்ட் அறக்கட்டளை நடத்துது, பேரு இன்டர்நேஷனல் கிளைமேட் புரொடெக்ஷன் ஃபெலோஷிப். ஐரோப்பாவுக்கு வெளிய இருக்கற வளரும் நாடுகள்லேர்ந்து வர்ற இளம் ஆளுங்களுக்குன்னே வச்சது. ஒரு வருஷம் ஜெர்மனில இருக்கணும், அங்க இருக்கற ஒரு நிறுவனத்துல உக்காந்து நம்மளே எழுதிக் குடுத்த ப்ராஜெக்ட்ட செய்யணும். மாசம் ரெண்டாயிரம் யூரோவுக்கு மேல, போக வர செலவு, ஆரம்பத்துல ஜெர்மன் மொழி கிளாஸ், கல்யாணம் ஆயிருந்தா கூட வர்ற குடும்பத்துக்கும் தனியா ஒரு தொகை. (கல்யாணத்த இப்ப ஆரம்பிச்சிடாதீங்க, விதி இருக்குன்னு சொன்னேன் அவ்ளோதான்.) தேர்வான எல்லாரையும் சேத்து வச்சு அறிமுக செமினார் நடத்துவாங்க, ஜெர்மனிய சுத்திக் காட்டுவாங்க, ஒரு வருஷம் கழிச்சு திரும்பி வந்தாலும் அந்த ஹும்போல்ட் ஆளுங்க தொடர்பு விட்டுப் போகாது.

பிஎச்டி வேணும்னு கெடையாது, இதத்தான் ரொம்பப் பேரு கவனிக்கறதில்ல. முதல் டிகிரி முடிச்சு 12 வருஷத்துக்குள்ள இருக்கணும், அவளுக்கு இன்னும் எவ்ளோ காலம் இருக்குன்னு நீங்களே எண்ணிக்கோங்க. இங்கிலீஷ் இல்லன்னா ஜெர்மன் நல்லா வரணும். கொஞ்சம் அனுபவம், நாலு பேர வச்சு ஒரு வேலைய நடத்திக் காட்டுன அடையாளம், இதையும் பாப்பாங்க. தாமான்ல வீடு வீடா பழைய சமையல் எண்ணெய் சேக்கறத அவதான் நடத்துறான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்கள்ல, அத ஃபார்ம்ல முதல்ல எழுதச் சொல்லுங்க. வருஷா வருஷம் நிபந்தனைல சின்னச் சின்ன மாத்தம் வரும், மலேசியா பேரு இந்தத் தடவ நாடுகள் பட்டியல்ல இருக்கா, கடைசி தேதி எப்பன்னு அவங்க அறிவிப்ப வரிக்கு வரி அவளே படிக்கணும், ஏஜென்ட்டுக்கு ஒரு சென்னு குடுக்கக் கூடாது. ஃபெலோஷிப்புக்கு ஏஜென்ட்டே கெடையாது, இருக்கேன்னு வர்றவன் ஏமாத்துறவன்.

கஷ்டமான எடம் எதுன்னா, ஜெர்மனில வழிகாட்டிய நம்மளே தேடிப் புடிக்கணும். அவரு "இந்தப் பொண்ணு வரட்டும், எடம் தர்றேன்"னு எழுதிக் குடுக்கணும், அது இல்லாம விண்ணப்பம் ஓடாது. அவ விஷயத்துல எனக்கு நம்பிக்கை இருக்கறதுக்கு காரணம் இருக்கு. சைனா 2018ல பிளாஸ்டிக் குப்பைக்கு கதவ சாத்துனதும் அந்தக் குப்பை எல்லாம் நம்ம பக்கம் திரும்புச்சு, சிலாங்கூர் ஜெஞ்சாரோம்ல எரிச்ச நாத்தம், சுங்கை பட்டாணி பக்கம் திருட்டு ஃபேக்டரி, 2020 ஜனவரில 150 கண்டெய்னர திருப்பி அனுப்பிட்டோம்னு அமைச்சரே அறிவிச்சாங்க. அனுப்புற நாடுகள்ல ஜெர்மனியும் ஒண்ணு. இப்ப ஐரோப்பிய யூனியன் புதுச் சட்டம் போட்டிருக்கு, 2026 நவம்பர் 21லேர்ந்து ஓஇசிடிங்கற பணக்கார நாடுங்க கூட்டமைப்புல இல்லாத நாடுகளுக்கு, நம்மளும் அதுல வர்றோம், பிளாஸ்டிக் குப்பை ஏத்துமதி பண்ணக் கூடாது. இங்க சிரிம்ங்கற தர நிர்ணய நிறுவனத்தோட ஒப்புதல் இல்லாம எச்எஸ் 3915, அதான் பிளாஸ்டிக் குப்பையோட கஸ்டம்ஸ் நம்பரு, உள்ள வர முடியாது. தடை வந்தா சரக்கு வேற நம்பர்ல, வேற நாட்ட சுத்தி வருமா? இது அங்க இருக்கறவங்களுக்கும் பதில் வேண்டிய கேள்வி, ஆனா இங்க வந்து எறங்குற பக்கத்த பாத்த ஆளு அவங்ககிட்ட கம்மி. உங்க பொண்ணு அந்தப் பக்கத்த பாத்தவ.

அதனால மெயில் எழுதும்போது "காலநிலை மாற்றத்த தடுக்க ஆசைப்படறேன்"னு எழுதக் கூடாது, எல்லாரும் அதத்தான் எழுதுவாங்க, படிக்கறவங்க கொட்டாவி விடுவாங்க. ஒரு போர்ட்டு, ஒரு கஸ்டம்ஸ் நம்பரு, ஒரு தேதி, இத வச்சு எழுதணும். ஃப்ரைபுர்க்ல ஓகோ இன்ஸ்டிட்யூட், வுப்பர்டால்ல வுப்பர்டால் இன்ஸ்டிட்யூட், பெர்லின்ல எகொலாஜிக், இங்கெல்லாம் கழிவு, மறுசுழற்சி, ஐரோப்பிய சட்டம்னு எழுதற ஆளுங்க இருக்காங்க, அவங்க வெளியிட்ட அறிக்கை ஒண்ண படிச்சுட்டு அதுல ஒரு எடத்த பத்தி கேள்வி கேட்டு எழுதுனா பதில் வர வாய்ப்பு இருக்கு. டெசாவ் ஊர்ல இருக்கற மத்திய சுற்றுச்சூழல் ஏஜென்சி, உம்வெல்ட்புண்டெசாம்ட்னு சொல்லுவாங்க, கழிவ நாடு விட்டு நாடு அனுப்பறத கட்டுப்படுத்துற பாசல் ஒப்பந்தத்துக்கு ஜெர்மனியோட தொடர்பு அலுவலகம் அங்கதான் இருக்கு, அவங்களையும் விட்ற வேணாம். இன்னொரு விஷயம், பேருலயே கிளைமேட் இருக்கு, வெறும் குப்பைன்னு எழுதுனா இது எங்க வேலை இல்லன்னு ஓரமா வச்சிடுவாங்க. பிளாஸ்டிக் எண்ணெய்லேர்ந்து வர்றது, திறந்தவெளில எரிச்சா என்ன ஆகுது, மறுசுழற்சி ஒழுங்கா நடந்தா எவ்ளோ புகை மிச்சம், இந்தத் தொடர்ப முதல் பக்கத்துலயே போட்டுடணும்.

கெடைக்குமான்னு கேப்பீங்க. ஒவ்வொரு வருஷமும் எல்லா நாட்டுக்கும் சேத்து சுமார் 20 எடம்தான். முதல் தடவ கெடைக்காமப் போறதுதான் சாதாரணம், அதுக்காக வீட்ல ஒப்பாரி வேணாம். அதுக்குள்ள அவ சும்மா இருக்கப் போறதில்ல. ஜார்ஜ்டவுன் பக்கத்துலயே பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கு, சஹாபாத் ஆலாம் மலேசியா இருக்கு, குப்பை இறக்குமதிய எதுத்து வருஷக்கணக்கா பேசுறவங்க, அங்க ஒரு வருஷம் ரெண்டு வருஷம் வேலை செஞ்சா சம்பளம் பெருசா இருக்காது, ஆனா விண்ணப்பத்துல அந்த வரி கனமா நிக்கும். சம்பளம்தான் முக்கியம்னா பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிங்கள்ல சஸ்டைனபிலிட்டி ரிப்போர்ட் எழுத ஆள் தேடுறாங்க, பெரிய லிஸ்டட் கம்பெனிங்க புது விதிப்படி அறிக்கை குடுத்தாகணும். ரெண்டுல எது வேணும்னு அவ முடிவு பண்ணட்டும், எங்கிட்ட கேட்டா நான் முதலாவதத்தான் சொல்லுவேன்.

குறையையும் சொல்லிடறேன். ஒரு வருஷம் முடிஞ்சு வந்தா கையில டிகிரி இருக்காது, வேலையும் காத்துக்கிட்டு இருக்காது. அந்த வருஷத்துக்கு கேடபிள்யூஎஸ்பி கட்டு இருக்காது. பிடிபிடிஎன், அதான் அரசாங்கப் படிப்பு லோன், அது பாட்டுக்கு ஓடும், ஜெர்மனில இருக்கேன்னு சொன்னா நிக்காது, கெளம்பறதுக்கு முன்னாடியே மாசா மாசம் எப்படிக் கட்டறதுன்னு ஏற்பாடு பண்ணிடணும். விசா, சர்டிபிகேட் மொழிபெயர்ப்பு, குளிருக்கு துணிமணி, முதல் மாசப் பணம் கைக்கு வர்ற வரைக்கும் செலவு, இதுக்கு சில ஆயிரம் வெள்ளி கைல வேணும், அத சேக்கலாம். சில ஆயிரத்துக்கும் மூணு லட்சத்துக்கும் வித்தியாசம் அண்ணனுக்குத் தெரியும்.

பெரியப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு கேட்டீங்க. ஒண்ணும் சொல்ல வேணாம். ரொம்ப கேட்டா, பாப்பா ஜெர்மன் கவர்மெண்ட்டுக்கு விண்ணப்பம் பண்றான்னு மட்டும் சொல்லுங்க, அது போதும், மீதிய அவரே பெருசாக்கிப்பாரு.

நாளைக்கு செய்ய வேண்டியது ரெண்டே வேலை. அண்ணன் பேங்க்ல குடுத்த பாரத்த திருப்பி வாங்கணும். பாப்பா தீசிஸ்ல ஒரு அத்தியாயத்த ரெண்டு பக்க இங்கிலீஷ் சுருக்கமாக்கி எனக்கு அனுப்பணும், ஜெர்மனிக்கு போற முதல் மெயில் அதுலேர்ந்துதான் எழுதணும். சிபாரிசு லெட்டரையும் சூப்பர்வைசர்கிட்ட இப்பவே கேட்டு வச்சிரச் சொல்லுங்க, வைவா, அதான் தீசிஸ் வாய்மொழித் தேர்வு, முடிஞ்சு ஆளு வேற யூனிக்கு மாறிப் போயிட்டா அப்புறம் தேடிக்கிட்டு அலையணும்.